சுவிட்ச் செய்த குற்றம் என்ன?

பொன்மலை ரயில்வே காலனியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். நாலு பக்கக் கடிதம். மூன்று பக்கம் சங்கீதம். கடைசிப் பக்கம் மின்சாரம். அந்தக் கடைசிப் பக்கத்தின் சாரத்தை இங்கே தருகிறேன். உங்களில் பலர் வீட்டிலும் இதே விவாதம் நடந்துகொண்டிருக்கலாம் அல்லவா?

“எங்கள் வீட்டில் ஓர் ஆம்பிளிபயரும் இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளும் இருக்கின்றன. மாமனார் காலத்து இசைத்தட்டுகளைக் கேட்க ஒரு ரெக்கார்டு பிளேயர், அப்புறம் டெலிவிஷன், கைப்பேசி. இவற்றில் எது வேண்டுமோ அதைத் திருப்பிக்கொள்ள ஒரு சின்ன சுவிட்ச் பெட்டி. ஆம்பிளிபயர் சிங்கப்பூரிலிருந்து என் தம்பி கொண்டு வந்தது. அதன் சதுர பின் நம் ஊர் பிளக் பாயின்ட்டில் நுழையாததால் ஓர் அடாப்டர் போட்டிருக்கிறோம். சில நாட்களாகப் பெட்டிகளில் ஓயாமல் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். சுவிட்ச் பெட்டியையும் அடாப்டர்களையும் தூக்கி எறிந்துவிட்டு, உயர்ந்த ரகக் கம்பி வாங்கி எல்லாவற்றையும் நேரே இணைத்தால்தான் சங்கீதம் சுத்தமாகும் என்கிறான் என் மகன். அவன் கேட்கும் தொகை எங்கள் இரண்டு மாத மளிகைச் செலவு. பக்கத்து வீட்டுப் பையனோ, ‘காலணாச் செலவில்லை மாமி! த்ரீ பின் பிளக்கில் மேல் பின்னைக் கழற்றிவிட்டால் முனகல் நின்றுவிடும்’ என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?”

சகோதரி! இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். மகன் சொல்லும் யோசனை பணத்துக்கு ஆபத்து. பக்கத்து வீட்டுப் பையன் சொல்லும் யோசனை உயிருக்கு ஆபத்து. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் சுவிட்சின் மேல் சாட்டப்பட்ட குற்றத்தை விசாரிப்போம்.

சுவிட்ச் என்பது என்ன? இரண்டு உலோகத் துண்டுகள். சேர்ந்தால் மின்சாரம் ஓடுகிறது, பிரிந்தால் நிற்கிறது. அவ்வளவுதான். இதைப் பற்றிப் பொன்மலைக்காரர்களுக்கு நான் எடுத்துச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே தொழிற்சாலை 1928-ல் பொன்மலைக்கு இடம் மாறி வந்தது முதல், அந்த ஊரில் இரும்பையும் செம்பையும் கையாண்டே தலைமுறைகள் வளர்ந்திருக்கின்றன. டீசல் என்ஜின்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் இடம் அது. அந்த என்ஜின்களில் ‘காண்டாக்டர்’ என்று பெரிய பெரிய மின்சார சுவிட்சுகள் உண்டு. அவற்றின் உலோக முகங்கள் சுத்தமாகவும், சேரும்போது இறுக்கமாகவும் இருந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் சாதுவாகக் கடந்து போகும். முகம் கருகினாலோ, பிடி தளர்ந்தாலோ சூடு, தீப்பொறி, தொல்லை எல்லாம் வந்து சேரும்.

உங்கள் வீட்டு சின்ன சுவிட்சுக்கும் அதே சட்டம்தான். ‘சுத்தமாக இருக்கிறதா? இறுக்கமாக இருக்கிறதா?’ இந்த இரண்டு கேள்விகளை மட்டும் மறக்காதீர்கள். இந்தக் கட்டுரை முழுவதற்கும் சாவி அவைதான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? பயப்பட வேண்டாம், பால் கணக்கை விட இது சுலபம்.

மின்சாரம் ஓடும் வழியில் ஏற்படும் தடையை ‘ஓம்’ என்ற அளவால் சொல்கிறார்கள். வீடுகளில் உள்ள ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவை 8 ஓம் அல்லது 4 ஓம் என்று முதுகில் எழுதியிருக்கும். நல்ல நிலையில் உள்ள ஒரு சுவிட்சின் தடை 0.05 ஓமுக்குள் அடங்கிவிடும். 8 ஓம் இருக்கிற இடத்தில் இந்த 0.05 ஓம் சேர்வதால் ஒலி எவ்வளவு குறையும்? ஏறக்குறைய 0.05 டெசிபல். 1 டெசிபல் வித்தியாசத்தையே கூர்ந்து கேட்டால்தான் நம் காது கண்டுபிடிக்கும். இது அதில் இருபதில் ஒரு பங்கு!

இன்னொரு வேடிக்கை பாருங்கள். ஆம்பிளிபயரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி ஒலிபெருக்கிப் பெட்டி இருக்கிறது; ஒரு சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போக மூன்று, வர மூன்று, ஆக ஆறு மீட்டர். அதன் தடை 0.1 ஓம். அதாவது, சுவிட்சைப் போல் இரண்டு மடங்கு தடை, யாரும் சந்தேகிக்காத அந்தக் கம்பியிலேயே இருக்கிறது! கம்பியைக் கொஞ்சம் பருமனாக்கினாலோ, பெட்டியை ஒரு மீட்டர் பக்கத்தில் நகர்த்தினாலோ அந்தத் தடை குறைந்துவிடும். சுவிட்சைப் பிடுங்கி எறிவானேன்?

சகோதரியின் சுவிட்ச் பெட்டி ஒலிபெருக்கிப் பக்கத்தில் கூட இல்லை. ஆம்பிளிபயருக்கு முன்னால் இருக்கிறது. அங்கே விஷயம் இன்னும் சுலபம். ஆம்பிளிபயரின் வாசலில் 10,000 ஓம் அல்லது அதற்கு மேல் தடை இருப்பது வழக்கம். சுவிட்ச் பழசாகி ஒரு முழு ஓம் தடை கொடுத்தால்கூட, அது பத்தாயிரம் மூட்டை நெல்லில் ஒரு மூட்டை குறைந்தது மாதிரிதான்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ரெக்கார்டு பிளேயரின் ஊசி முனையிலிருந்து புறப்படும் மின்சாரம் மிகவும் மெலிந்தது. ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். பச்சைக் குழந்தையைத் தெரு வழியே தனியாக அனுப்புவது போல, அதை நீளமான கம்பியிலும் பிளாஸ்டிக் சுவிட்ச் பெட்டியிலும் சுற்றவிட்டால், அக்கம்பக்கத்து மின்சார இரைச்சலெல்லாம் அதில் ஏறிக்கொள்ளும். ஆகவே பிளேயரை மட்டும் ஆம்பிளிபயரில் ‘போனோ’ என்று எழுதிய இடத்தில் நேரே இணைத்துவிடுவது உத்தமம். டெலிவிஷனும் கைப்பேசியும் சுவிட்ச் பெட்டி வழியாகவே வந்து போகட்டும்.

அப்படியானால் சுவிட்ச் ஒரு நாளும் தப்பே செய்யாதா என்று கேட்டால், செய்யும். சுத்தமும் இறுக்கமும் போய்விட்டால் செய்யும். தூசி, சமையலறைப் புகை, மழைக்கால ஈரம் எல்லாம் சேர்ந்து உலோகத்தின் மேல் ஒரு படலம் கட்டிவிடுகின்றன. ஒலிபெருக்கிக்குப் போகும் சுவிட்சில் தடை 1 ஓம் வரை ஏறிவிட்டால், ஒலி ஒரு டெசிபல் குறையும். ஒலிபெருக்கியின் தடை எல்லாச் சுரங்களுக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லையாதலால், சில சுரங்கள் தூக்கலாகவும் சில சுரங்கள் அமுங்கியும் கேட்கும். பாடகர் மேல் பழி போடுவோம். பழி உண்மையில் படலத்தின் மேல்.

இதைக் கண்டுபிடிக்க யந்திரம் எதுவும் வேண்டாம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது சுவிட்சை லேசாக முன்னும் பின்னும் அசையுங்கள். ‘கர கர’ என்றாலோ, ஒரு பக்கத்துப் பெட்டி ஊமையாகி மறுபடி பேசினாலோ, குற்றவாளி அகப்பட்டுவிட்டான். மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கையும் எடுத்துவிட்டு, சுவிட்சைப் பத்து இருபது தடவை மேலும் கீழும் தள்ளுங்கள். பல சமயம் அதுவே உலோகத்தைத் துலக்கிவிடும். அதற்கும் மசியாவிட்டால், எலெக்ட்ரானிக் சாமான் கடைகளில் ‘காண்டாக்ட் கிளீனர்’ என்று கிடைக்கும். ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் இவற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவை அன்றைக்குச் சமாதானம் செய்துவிட்டு, மறுநாளிலிருந்து ஊர்த் தூசியையெல்லாம் அழைத்து வந்து குடி வைக்கும்.

இனி அடாப்டர். இதில் இரண்டு ஜாதி உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால்தான் இத்தனை குழப்பம்.

முதல் ஜாதி, உருவத்தை மட்டும் மாற்றுவது. பெரிய ஜாக்கைச் சின்ன ஓட்டையில் பொருத்துவது, சின்ன பின்னைப் பெரிய ஓட்டையில் பொருத்துவது போன்ற வேலை. 6.35 மில்லிமீட்டர் பருமனுள்ள பெரிய ஜாக் நேற்று வந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் பிறந்தது. பலகைக்கு முன்னால் உட்கார்ந்து அதைச் செருகியும் பிடுங்கியும் ஊரையே பேச வைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தாம். கைப்பேசியிலும் ரேடியோவிலும் உள்ள 3.5 மில்லிமீட்டர் ஜாக் அதனுடைய பேத்தி. இந்த ஜாதி அடாப்டர் உலோகத்தைத் தவிர வேறொன்றுமில்லை. சுத்தமும் இறுக்கமும் இருந்தால், அது இருப்பதே காதுக்குத் தெரியாது.

ஆனால் அரைகுறையாகச் செருகினால் ஒரு விசித்திரம் நடக்கும். கச்சேரியில் வாய்ப்பாட்டுக்காரர் மட்டும் மாயமாக மறைந்துவிடுவார்! வயலினும் மிருதங்கமும் கிணற்றுக்குள்ளிருந்து வாசிப்பது போல் கேட்கும். காரணம் இதுதான்: இடது, வலது இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு கம்பி இருக்கிறது. அது தொடாமல் நின்றுவிட்டால், இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே காதில் விழும். பாடகரின் குரல் இரண்டு பக்கத்திலும் சமமாக இருப்பதால் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு காணாமல் போகிறது. அடாப்டரை ‘டக்’ என்று ஓசை கேட்கும் வரை உள்ளே தள்ளுங்கள்; வித்வான் மேடைக்குத் திரும்பி வந்துவிடுவார்.

இரண்டாவது ஜாதி, உள்ளே வேலை செய்கிற அடாப்டர். இப்போது பல கைப்பேசிகளில் ஹெட்போன் ஓட்டையே இல்லை. சார்ஜ் செய்யும் வாசலில் ஒரு குட்டி வால் போல அடாப்டரைச் செருகி, அதில் ஹெட்போனை மாட்டுகிறோம். இந்த வாலுக்குள், எண்களாக வரும் சங்கீதத்தை ஒலி அலையாக மாற்றும் சில்லு பெரும்பாலும் இருக்கிறது. ஆகவே இந்த ஜாதியில் நல்லது, கெட்டது என்ற வித்தியாசம் நிஜமாகவே உண்டு. மலிவானதில் பாட்டு நின்ற பிறகும் ‘உஸ்’ என்ற இரைச்சல் கேட்கலாம். சத்தம் போதாமலும் இருக்கலாம். இதில் மட்டும் நாலு காசு யோசித்து வாங்குவதில் தப்பில்லை. நாலு காசு என்றுதான் சொன்னேன். நாலு மாதச் சம்பளம் என்று சொல்லவில்லை.

மின்சாரம் கொடுக்கும் அடாப்டரும் இந்த இரண்டாவது ஜாதிதான். டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு ‘பாட்டரி எலிமினேட்டர்’ வாங்கிய வீடுகள் உங்களுக்கு ஞாபகமிருக்கும். பாட்டரிச் செலவு மிச்சம் என்று சந்தோஷப்பட்டு மாட்டினால், சுப்ரபாதத்துக்கு அடியில் ஒரு வண்டு ரீங்காரம் செய்துகொண்டே இருக்கும். நம் வீட்டு மின்சாரம் ஒரு விநாடிக்கு 50 தடவை அலைகிறது. அதை ஒரே சீராக்காமல் அரைகுறையாக விட்ட எலிமினேட்டரில், 100 அலையுள்ள ரீங்காரம் ஒலிபெருக்கியில் வந்து விழும். அதுதான் அந்த வண்டு.

இந்தக் காலத்து அடாப்டர்கள் வேறு மாதிரி. உள்ளே ஓர் எலெக்ட்ரானிக் சுவிட்ச் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை, சிலவற்றில் லட்சம் தடவைக்கும் மேல், திறந்து மூடிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் உள்ளங்கைக்குள் அடங்கும்படி இவ்வளவு சிறியதாகவும் லேசாகவும் செய்ய முடிகிறது. ஆனால் அந்தத் துடிப்பின் எதிரொலிகள் நடுத்தர அலை ரேடியோ வரைக்கும் போய்ச் சேர்கின்றன. நல்ல அடாப்டரில் அவற்றைத் தடுக்க வடிகட்டி வைத்திருப்பார்கள். மட்டமானதில், விலையைக் குறைக்க முதலில் எடுத்துவிடுவது அந்த வடிகட்டியைத்தான்.

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-ஆம் வருஷம் மே மாதம் 16-ஆம் தேதி ஆரம்பமாயிற்று. பொன்மலையிலும் ஸ்ரீரங்கத்திலும் எத்தனையோ வீடுகளில் காலை வேளை என்றால் அந்த ஒலிபரப்புதான். 936 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்ணில் ரேடியோ முள்ளை நிறுத்திப் பழகிய பாட்டிமார்கள், “முன்னே மாதிரி தெளிவாக எடுக்கவில்லையே!” என்று குறைப்பட்டுக்கொள்வதுண்டு. நிலையத்தைக் குறை சொல்லுமுன் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கைப்பேசி சார்ஜர், மலிவான எல்.இ.டி. பல்பு, மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் ஆகிய மூவரும் நடுத்தர அலைக்குப் பரம வைரிகள்.

கண்டுபிடிக்க ஒரு யுக்தி: பாட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நடுத்தர அலையில், எந்த நிலையமும் பேசாத இடத்தில் முள்ளை நிறுத்திவிட்டு, மோப்பம் பிடிக்கும் நாயை அழைத்துப் போவது போல் அறை அறையாகக் கொண்டு போங்கள். இரைச்சல் எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அங்கே திருடன் இருக்கிறான். வீட்டு மெயின் சுவிட்சையே நிறுத்திய பிறகும் இரைச்சல் குறையவில்லை என்றால், திருடன் உங்கள் வீட்டிலில்லை. தெருவிலோ அண்டை வீட்டிலோ இருக்கிறான். சண்டைக்குப் போக வேண்டாம். ரேடியோவை ஜன்னல் பக்கம் நகர்த்தித் திருப்பி வைத்துப் பாருங்கள். நடுத்தர அலை ரேடியோவுக்கு எந்தத் திசையில் வைக்கிறோம் என்பதே பெரிய மருந்து.

நிற்க. இப்போது சகோதரியின் ‘ம்ம்ம்’ முனகலுக்கு வருகிறேன். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

த்ரீ பின் பிளக்கில் மேலே பருத்து நீண்டு இருக்கிறதே, அதுதான் ‘எர்த்’. மற்ற இரண்டைக் காட்டிலும் அதை ஏன் நீளமாகச் செய்திருக்கிறார்கள்? செருகும்போது முதலில் தொட வேண்டும். பிடுங்கும்போது கடைசியில் விடுபட வேண்டும். வீட்டுக்கு முதலில் எழுந்து கடைசியில் படுக்கும் தாயார் மாதிரி அது. ஆம்பிளிபயருக்குள் ஒரு கம்பி நழுவி அதன் உலோக உடம்பைத் தொட்டுவிட்டால், 230 வோல்ட் முழுவதும் அந்த உடம்பில் வந்து நிற்கும். எர்த் இருந்தால் மின்சாரம் அந்த வழியாகப் பாய்ந்து பியூஸைப் போக்கிவிடும், அல்லது ‘டிரிப்’ ஆகிவிடும். எர்த் இல்லாவிட்டால் அது சும்மா காத்திருக்கும். எதற்காக? ஈரக் கையோடு தூசி துடைக்க வருகிறவருக்காக. வீட்டில் தூசி துடைக்கிறவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பையன் சொல்வது போல் மேல் பின்னைக் கழற்றினால் முனகல் சில வீடுகளில் நிற்கவும் செய்யும். அதனால்தான் அந்த யோசனை இவ்வளவு ஆபத்தானது. நடப்பது இது: ஆம்பிளிபயருக்கு ஓர் இடத்தில் எர்த், டெலிவிஷனுக்கு வரும் கேபிள் கம்பி வேறு எங்கோ எர்த்தைத் தொடுகிறது. இரண்டையும் பாட்டுக் கம்பி இணைக்கிறது. இப்படி ஒரு வளையம் உண்டாகி, அதில் வீட்டு மின்சாரத்தின் அலை சுற்றிச் சுற்றி வந்து ‘ம்ம்ம்’ என்கிறது. எர்த்தை அறுத்தால் வளையம் அறுபடும். கூடவே உங்கள் பாதுகாப்பும் அறுபடும். தலைவலிக்குத் தலையை வெட்டுவது எந்த ஊர் வைத்தியம்?

சரியான வைத்தியம் இதோ. முதலில், சுவரிலிருந்து டெலிவிஷன் பெட்டிக்கு வரும் கேபிள் கம்பியைக் கழற்றுங்கள். முனகல் நின்றால் வளையம் அந்த வழியாகத்தான். நிற்காவிட்டால், ஒவ்வொரு சாதனத்தின் பாட்டுக் கம்பியாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது நிற்கிறதோ அதுதான். இப்படிக் கழற்றி மாட்டும்போது மட்டும் ஆம்பிளிபயரை நிறுத்திவிடுங்கள். மடிக்கணினியை இணைத்தால்தான் முனகல் என்றால், அதன் அடாப்டரைப் பிடுங்கி பாட்டரியில் ஓட்டுங்கள். நின்றால் விடை கிடைத்துவிட்டது.

பிறகு எல்லாச் சாதனங்களையும், நல்ல எர்த் உள்ள ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஒரே பலகையில் மாட்டுங்கள். பாதி வீடுகளில் இதோடு முனகல் ஓடிவிடும். ஓடாவிட்டால், பாட்டுக் கம்பியின் நடுவே போடும் ‘ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர்’ என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. அது சங்கீதத்தை விட்டு வளையத்தை மட்டும் அறுக்கும். அறுக்க வேண்டிய இடம் பாட்டுக் கம்பி. எர்த் கம்பி அல்ல.

சிங்கப்பூர் ஆம்பிளிபயருக்குப் போட்டிருக்கும் அடாப்டரையும் பார்க்க வேண்டும். எல்லா நாட்டு பிளக்கும் நுழையும் என்று விற்கிற மலிவு அடாப்டர்கள் பலவற்றில் எர்த் உள்ளே இணைக்கப்பட்டே இருப்பதில்லை, பிடியும் தளர்ச்சி. முதலில் பார்த்தோமே, சுத்தம், இறுக்கம் என்று? இது இறுக்கத்தில் தோற்றுப்போகிறது. தொட்டுப் பார்த்தால் அடாப்டர் சுடுகிறது, செருகும்போது ‘சிர்’ என்று பொறி பறக்கிறது என்றால், அது சங்கீதப் பிரச்னை அல்ல. தீ விபத்தின் முன்னுரை. உடனே நிறுத்துங்கள்.

இதற்கு எளிய வழி உண்டு. ஆம்பிளிபயரின் பின்புறத்தில் மின்சாரக் கயிறு தனியாகக் கழன்று வருமானால், நம் ஊர் த்ரீ பின் உள்ள கயிறு ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள், அடாப்டரே வேண்டாம். கழலாவிட்டால், தெரிந்த எலெக்ட்ரீஷியனை அழைத்து நம் ஊர் பிளக் போடச் சொல்லுங்கள். ஒரு விஷயம்: சிங்கப்பூர் சதுர பிளக்கின் வயிற்றுக்குள் ஒரு பியூஸ் இருக்கிறது, நம் பிளக்கில் அது கிடையாது. ஆம்பிளிபயருக்குள் தனி பியூஸ் இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். வந்தவர் வந்தபடியே வீட்டு எர்த் உயிரோடு இருக்கிறதா என்றும் சோதிக்கட்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லை என்றால், மகன் கம்பிக்குக் கேட்ட பணத்தில் முதலில் அதைப் போடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து சாமான் வருகிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் நம்மைப் போல் 230 வோல்ட். அமெரிக்காவிலோ 120 வோல்ட். உருவத்தை மாற்றும் அடாப்டர் வோல்ட்டை மாற்றாது. முதுகில் ‘100–240’ என்று எழுதியிருந்தால் மாட்டலாம். ‘120’ என்று மட்டும் இருந்தால், மாட்டிய மறு நிமிஷம் புகைதான் வரும், பாட்டு வராது.

இவ்வளவும் சொன்ன பிறகு மகன், “உங்களுக்குக் காது தெரியாது அம்மா! நேரே இணைத்தால் தம்பூராவின் நாதமே வேறு” என்று வாதாடலாம். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அப்படியே கேட்கிறது. கண்ணுக்கு விலை தெரிந்தால் காதும் அதன்படி கேட்கும். சங்கீத சபையில் முன்வரிசை டிக்கெட் வாங்கினவர் தலை ஜாஸ்தி ஆடுவதில்லையா?

இதற்காகவே விஞ்ஞானிகள் ஒரு பரீட்சை வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த மன்சன், கார்ட்னர் என்ற இருவர் 1950-ல் இந்த முறையை எழுதி வெளியிட்டார்கள். முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று கேட்கச் செய்து, மூன்றாவதாக வருவது முன்னதில் எது என்று சொல்லச் சொல்ல வேண்டும். 1982-ல் டேவிட் கிளார்க் என்பவர், வீட்டு ஒலிச் சாதனங்களை இதே முறையில் சோதிக்க ஒரு சுவிட்ச் பெட்டியை வர்ணித்துக் கட்டுரை எழுதினார். பரீட்சையில் தோற்றவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? “அந்த சுவிட்ச் பெட்டிதான் வித்தியாசத்தை மறைத்துவிட்டது!” அங்கேயும் பழி சுவிட்சின் மேல்தான். அதற்கும் பதில் பரீட்சையிலேயே இருக்கிறது: பெட்டி இருக்கும்போது ஒரு தடவை, இல்லாதபோது ஒரு தடவை என்று, எது எப்போது என்று தெரியாமல் கேட்டுச் சொல்லட்டுமே!

உங்கள் வீட்டுக் கூடத்திலேயே இதைச் செய்யலாம். ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானாவின் நாதஸ்வரம் மாதிரி, மெல்லிய குழைவும் முழு வீச்சும் சேர்ந்த ஒரு ரெக்கார்டிங்கைக் கைப்பேசியில் எடுத்துக்கொள்ளுங்கள். வால்யூமை ஒரே இடத்தில் நிறுத்துங்கள். கொஞ்சம் சத்தம் கூடினாலும் அதுதான் உயர்ந்தது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். மகனைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு, பெண் ஒரு நாணயத்தைச் சுண்டட்டும். பூ விழுந்தால் சுவிட்ச் பெட்டி வழியாக. தலை விழுந்தால் நேரே. மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டிவிட்டு, மேலே ஒரு துணியைப் போட்டு மூடி, மகனை உள்ளே கூப்பிட்டு, தான் வெளியே போய்விடட்டும். இல்லாவிட்டால் தங்கை முகமே காட்டிக் கொடுத்துவிடும். பத்துத் தடவை இப்படி. குருட்டு அதிர்ஷ்டத்தில் ஒருவன் பத்துக்கு ஒன்பது சரியாகச் சொல்வது நூறு பரீட்சைக்கு ஒரு தடவைதான் நடக்கும். ஆகவே மகன் ஒன்பது சரியாகச் சொல்லிவிட்டால், அந்த சுவிட்சில் நிஜமாகவே கோளாறு இருக்கிறது. சுத்தம் செய்யுங்கள், அல்லது மாற்றுங்கள். ஐந்தாறு சரியாகச் சொன்னால், சுவிட்சை விடுதலை செய்துவிடலாம். யாரையும் கேலி செய்ய வேண்டாம். நீங்களும் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

பொன்மலைச் சகோதரிக்கு முடிவாகச் சொல்கிறேன். சுவிட்ச் பெட்டி இருக்கட்டும். ரெக்கார்டு பிளேயரை மட்டும் நேரே இணையுங்கள். சிங்கப்பூர் அடாப்டருக்கு விடை கொடுத்துவிட்டு நம் ஊர் பிளக் போடுங்கள். கேபிள் கம்பியைக் கழற்றி முனகலைச் சோதியுங்கள். எர்த் பின்னின் மேல் யாரும் கை வைக்க விடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பையனிடமும் காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள், அவன் வீட்டிலும் ஓர் அம்மா இருப்பார். இவ்வளவுக்கும் ஆகிற செலவு போக, மளிகைப் பணத்தில் பெரும் பகுதி மிச்சம் இருக்கும்.

அந்த மிச்சத்தில் இரண்டு நல்ல கச்சேரி ரெக்கார்டிங் வாங்குங்கள். கம்பியைக் கேட்பதற்காகவா வீட்டில் ஒலிபெருக்கி வைத்திருக்கிறோம்?